வேலைக்குப் போகும் தாயின் விசுவாச வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று யாரும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வாசலில் நின்று தாழ்ந்த குரலில், பாதி வெட்கத்தோடு கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சபை, போதகர் என்று இருக்கும் இடங்களைக் கத்தோலிக்க வாசகர்கள் பங்கு, பங்குத்தந்தை என்று வாசித்துக்கொள்ளலாம். முறை வேறுபடும் இடங்களில் அதைத் தனியாகவே சொல்லியிருக்கிறோம்.

1. பிள்ளையை விட்டுட்டு நான் வேலைக்குப் போறதே தேவனுக்குப் பிடிக்காத காரியமா?

இல்லை. மோசேயின் தாய் தன் சொந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்க்க, பார்வோனின் குமாரத்தியிடம் சம்பளம் வாங்கியவள் (யாத்திராகமம் 2:9). லீதியாள் இரத்தாம்பரம் விற்ற வியாபாரி. பிலிப்பி பட்டணத்தின் விசுவாசிகள் கூடியது அவள் வீட்டில்தான் (அப்போஸ்தலர் 16:14, 40). பிரிஸ்கில்லாள் கணவனோடு சேர்ந்து கூடாரம் தைத்தாள். இவர்களில் ஒருவரையும் வேலைக்காக வேதம் கடிந்துகொள்ளவில்லை.

பிற்கால வரலாற்றிலும் உண்டு. இத்தாலியில் ஜியான்னா பெரெட்டா மொல்லா குழந்தைகள் மருத்துவராகப் பணிசெய்துகொண்டே பிள்ளைகளை வளர்த்தார். கத்தோலிக்கத் திருச்சபை 2004இல் அவரைப் புனிதராக அறிவித்தது. வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு இவ்வளவு போதும். எப்படிப் போவது, வீட்டில் எதை யார் சுமப்பது என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. கீழே உள்ளவற்றில் பாதி அதைப் பற்றியவை.

2. தீத்து 2:5-ல "வீட்டில் தரித்திருக்கிறவர்கள்"னு தெளிவாவே இருக்கே?

அந்த இடத்தில் பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் உள்ள சொல் 'ஓய்கூர்கூஸ்'. வீட்டில் உழைக்கிறவர்கள் என்று பொருள். பிந்திய பிரதிகளில் ஓர் எழுத்து விடுபட்டு, வீட்டைக் காக்கிறவர்கள் என்ற பொருள் தரும் சொல்லாக இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதைப் பின்பற்றியது. இரண்டில் எதை எடுத்தாலும், பவுல் அங்கே கண்டிப்பது வீட்டுப் பொறுப்பை அசட்டை செய்வதை. 1 தீமோத்தேயு 5:13இல் சோம்பலாய் வீடுவீடாய்த் திரிந்து வம்பு பேசுகிறவர்களைப் பற்றி அவரே எழுதுவதைச் சேர்த்து வாசித்தால் இது விளங்கும். அந்தக் காலத்தில் நெசவும் தையலும் வியாபாரமும் வீட்டுக்குள்ளேயே நடந்தன. வீடு வேறு, பணியிடம் வேறு என்ற இன்றைய பிரிவு அவர் மனத்தில் இருந்திருக்க முடியாது.

3. நீதிமொழிகள் 31 படிச்சாலே எனக்கு அழுகை வருது. அவ்வளவும் ஒரு பொம்பளையால முடியுமா?

ஒரே நாளில் முடியாது; அந்தப் பகுதியும் ஒரு நாளைச் சொல்லவில்லை. 10ஆம் வசனம் முதல் 31 வரை உள்ள 22 வசனங்களும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்கும் ஒரு கவிதை. ஒரு பெண்ணின் முழு ஆயுளையும் எடுத்துப் புகழ்கிறது. 28ஆம் வசனத்தில் பிள்ளைகள் எழும்பி அவளைப் பாக்கியவதி என்கிறார்கள் என்றால், அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். 15ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருக்கிறார்கள். இதைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 'குணசாலி' என்று அங்கே சொல்லப்படுவதற்கு இணையான எபிரெயச் சொற்களை வேதம் ஒரு பெண்ணைப் பார்த்து நேரடியாகச் சொல்லும் இடம் ரூத் 3:11. அந்த நேரத்தில் ரூத்துக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, சொந்த வயல் இல்லை. பிறர் வயலில் கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவளையே ஊர் முழுதும் குணசாலி என்றது. இந்தப் பகுதியை உங்கள் தினசரிப் பட்டியலாகச் சுவரில் ஒட்ட வேண்டாம்.

4. காலைல எழுந்ததுலேர்ந்து ஓட்டம்தான். எப்பதான் ஜெபிக்கிறது?

'நேரம் கிடைக்கும்போது' என்று விட்டால் கிடைக்காது. 'நாளை முதல் விடியற்காலை ஒரு மணி நேரம்' என்ற தீர்மானமும் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் உடைந்துவிடும். அதற்குக் காரணம் பக்திக் குறைவு என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஐந்து மணி நேரம் தூங்கும் உடம்பிலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கப் பார்த்ததுதான் காரணம். சங்கீதம் 127:2 தூக்கத்தைக் கர்த்தர் தரும் ஈவாகவே பேசுகிறது.

நடைமுறையில் நிலைப்பது இதுதான்: நீங்கள் எப்படியும் தவறாமல் செய்யும் மூன்று காரியங்களோடு மூன்று சிறு ஜெபங்களைக் கட்டிவிடுங்கள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது நாளை ஒப்புக்கொடுக்கும் ஒரு வாக்கியம். பணியிடத்தில் இருக்கையில் அமர்ந்ததும், எதையும் திறக்கும் முன், கர்த்தர் கற்பித்த ஜெபம். நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். இரவில் விளக்கை அணைத்ததும், அன்று நடந்த ஒன்றுக்கு நன்றி, ஒன்றுக்கு மன்னிப்பு. தானியேலும் நாளைக்கு மூன்று வேளை ஜெபித்தவன்தான், அரசாங்க வேலையில் இருந்துகொண்டே. மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒன்று மட்டும். அது பழகிய பின் அடுத்தது.

இடையில் வரும் அவசரங்களுக்கு நெகேமியாவைப் பாருங்கள். ராஜா கேள்வி கேட்டதற்கும் இவன் பதில் சொன்னதற்கும் நடுவில் ஜெபித்துவிடுகிறான் (நெகேமியா 2:4–5). கடினமான ஒரு கூட்டத்துக்குள் நுழையும்போது அவ்வளவு போதும். ஜெபமாலை சொல்லும் வழக்கமுள்ளவர்கள் ஐம்பத்து மூன்று மணியையும் ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியைச் சொல்ல மூன்று, நான்கு நிமிடம் ஆகும். அப்படி உள்ள ஐந்து பகுதிகளையும் நாளின் ஐந்து இடங்களில் பிரித்துச் சொல்லலாம்.

5. வருஷா வருஷம் ஆதியாகமத்துல ஆரம்பிச்சு லேவியராகமத்துல நின்னுடறேன். என்ன பண்றது?

ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து வேலைநாள், ஆண்டுக்கு 52 வாரம். பெருக்கிப் பாருங்கள், சரியாக 260. வேலைநாளுக்கு ஓர் அதிகாரம், சனி ஞாயிறு விடுமுறை, ஓராண்டில் முழுப் புதிய ஏற்பாடு. அதுவும் கனமாகத் தெரிந்தால் 16 அதிகாரமுள்ள மாற்கு சுவிசேஷத்தை நாளுக்குப் பாதி அதிகாரமாக ஒரு மாதத்தில் முடியுங்கள். மாதத்தின் தேதிக்கு ஏற்ற நீதிமொழிகள் அதிகாரமும் (மொத்தம் 31) சுலபமான வழிதான். எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

வாசிப்பு நின்றுபோவதற்கு முதல் காரணம் பாக்கி. மூன்று நாள் தவறினால் நான்காம் நாள் நான்கு அதிகாரம் என்று கணக்கு ஏறும். அதோடு புத்தகம் மூடப்படும். தவறியதைத் திரும்பிப் பார்க்காமல் இன்றைய தேதிக்கு உரியதை மட்டும் வாசியுங்கள். பயணத்தில் ஒலிப்பதிவாகக் கேட்பதும் வாசிப்புதான். முதல் நூற்றாண்டுச் சபையில் பெரும்பாலானோர் வேதத்தைக் காதால் கேட்டே அறிந்தார்கள்.

6. ராத்திரி பால் குடுக்க எழும்பும்போது ஜெபிக்க ஆரம்பிச்சு பாதியில தூங்கிடறேன். தப்பா?

தப்பில்லை. பேசிக்கொண்டே தகப்பன் மடியில் தூங்கிய பிள்ளையை யார் கோபிப்பார்? அந்த நேரத்துக்கு நீளமாக எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சங்கீதம் 121இல் எட்டே வசனங்கள். காக்கிறவர் உறங்குவதில்லை என்கிறது, விழித்திருக்கும் தாய்க்குப் பொருத்தமானது. பகலில் மனப்பாடம் செய்துவிடுங்கள். இருட்டில் வாசிக்கலாம் என்று கைப்பேசியைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் வேறெங்கோ போயிருப்பீர்கள். வெளிச்சம் பட்டுத் தூக்கமும் கலையும்.

7. குடும்ப ஜெபம்னு உக்காந்தா சண்டையிலதான் முடியுது. எவ்வளவு நேரம், எப்படி நடத்தணும்?

மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு நிமிடம். ஆறு வயது வரை ஐந்து. அதற்கு மேல் பத்தைத் தாண்ட வேண்டாம். வரிசை இப்படி இருக்கட்டும்: ஒரு பாட்டின் ஒரு சரணம்; ஐந்து முதல் எட்டு வசனம்; ஒரே ஒரு கேள்வி ('இதில் யாரை உனக்குப் பிடித்தது, ஏன்?'), ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் ஜெபம், முடிவில் எல்லோரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபம். வாசிக்கத் தெரிந்த பிள்ளையே வாசிக்கட்டும். படுக்கப்போகும் முன் என்று வைத்தால் சின்னது தூங்கிவிடும், பெரியது எரிந்து விழும். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் வேளை ஒன்று இருந்தால் தட்டு வைக்கும் முன் முடித்துவிடுங்கள். வாரத்துக்கு நான்கு நாள் நடந்தாலே நல்ல குடும்ப ஜெபம்.

கெடுப்பது எது என்றால், ஜெபத்தைக் கண்டிப்பாக மாற்றுவது. "ஆண்டவரே, இவன் இனிமேல் பொய் சொல்லாமல் இருக்க உதவி செய்யும்" என்று பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது ஜெபித்தால், அது ஆண்டவரிடம் பேசியது ஆகாது, பிள்ளையைத் திட்டியதே ஆகும். பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். திருத்த வேண்டியதை ஜெபத்துக்கு வெளியே, தனியாகப் பேசுங்கள்.

கூட்டு ஜெபத்தைவிட ஆழமாகப் போவது தனித்தனி நேரம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாய் சூசன்னா, வாரத்தின் ஒவ்வோர் இரவையும் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கி, ஆத்தும காரியங்களைத் தனியாகப் பேசினார். வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. அத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் அவரால் முடிந்தது. ஒன்றோ இரண்டோ உள்ள வீட்டில் வாரத்துக்கு இருபது நிமிடம் நிச்சயம் முடியும். நடந்துகொண்டு பேசினால் பிள்ளைகள் இன்னும் திறந்து பேசுவார்கள்.

8. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைங்க மேல கத்திடறேன். அப்புறம் எந்த முகத்தோட ஜெபிக்கிறது?

கத்தல் பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் வரும்: வீட்டுக்குள் நுழைந்ததற்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில். உங்களுக்கும் பசி, பிள்ளைக்கும் பசி, நாள் முழுக்கத் தேடியதால் அது உங்கள்மேல் தொங்குகிறது. அந்த நேரத்தை மாற்றி அமையுங்கள். வரும் வழியிலேயே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். வந்ததும் பையை வைத்துவிட்டு, கைப்பேசியும் சமையலறையும் இல்லாமல் பத்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். சமையல் பத்து நிமிடம் தாமதமாகும். கத்தல் கணிசமாகக் குறையும்.

கத்திவிட்டால் ஜெபத்துக்கு முன் பிள்ளையிடம் போங்கள். மத்தேயு 5:23–24இன் வரிசையும் அதுதான். முதலில் சகோதரனோடு ஒப்புரவு, பிறகு காணிக்கை. குனிந்து கண்ணுக்கு நேராக வந்து, செய்ததைப் பெயர் சொல்லுங்கள்: "நான் உன்னை முட்டாள் என்று சொன்னேன். அது தப்பு. என்னை மன்னிப்பாயா?" 'ஆனால் நீயும்...' என்று சேர்த்தால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். பிள்ளை உடனே சரி என்று சொல்லாவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள். சுவிசேஷத்தில் உள்ள மன்னிப்பைப் பிள்ளை முதன்முதலில் பார்ப்பது இப்படித்தான். அடி, வசைச்சொல் என்று இது வாடிக்கையாகிவிட்டிருந்தால் 17ஆம் கேள்வியையும் வாசியுங்கள்.

9. ஞாயித்துக்கிழமை எனக்கு ஷிப்ட். ஆராதனைக்குப் போக முடியலன்னா ஓய்வுநாளை மீறினதாகுமா?

மருத்துவமனை, தீயணைப்பு, முதியோர் இல்லம் போன்ற பணிகளில் நோயாளியை விட்டுவிட்டு வருவதை எந்தப் போதகரும் கேட்கக் கூடாது. ஆசாரியர்கள் ஓய்வுநாளில் தேவாலயத்தில் வேலை செய்தும் குற்றமில்லாதிருந்தார்கள் என்று இயேசுவே சொல்கிறார் (மத்தேயு 12:5). ஆனால் ஆராதனை இல்லாமல் மாதங்கள் ஓடுவது வேறு. ஷிப்ட் அட்டவணை வந்ததும் மாதத்தில் எந்த ஞாயிறுகள் கிடைக்கும் என்று முதலில் குறித்துவிடுங்கள். பண்டிகை நாள்களில் சக ஊழியர்களுக்காக வேலை பார்த்துக் கொடுத்தால் ஞாயிறு மாற்றிக் கேட்பது எளிதாகும். மற்ற வாரங்களில் மாலை ஆராதனையோ வாரநடுக் கூட்டமோ எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

கத்தோலிக்கர்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றும். நோய், கைக்குழந்தையைக் கவனிப்பது போன்ற தக்க காரணம் இருந்தால் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று மறைக்கல்வி நூலே (எண் 2181) சொல்கிறது. சந்தேகமிருந்தால் பங்குத்தந்தையிடம் கேட்டு விலக்குப் பெறலாம். இதைக் கேட்க வெட்கப்பட்டு, ஒவ்வொரு வாரமும் குற்ற உணர்வைச் சுமக்கிறவர்கள் நிறையப் பேர்.

10. லீவு இருந்தாலும் ஞாயித்துக்கிழமைதான் எனக்கு வேலை அதிகம். எனக்கு எங்க ஓய்வு?

யாத்திராகமம் 20:10ஐ ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, உன் வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கும் அந்நியன் வரை எல்லாருக்கும் ஓய்வு. மாட்டுக்குக்கூட ஓய்வு சொன்ன கட்டளை, தாயை மட்டும் சமையலறையில் விட்டுவிடச் சொல்லவில்லை. ஒருத்தி உழைக்க மற்ற எல்லோரும் ஓய்ந்திருக்கும் வீட்டில் கட்டளை கைக்கொள்ளப்படவில்லை. இதைக் கணவரும் பிள்ளைகளும் வேத வாக்கியமாகவே கேட்க வேண்டும். நீங்கள் கெஞ்சிக் கேட்கும் உதவியாக அல்ல.

வழி: மன்னாவை ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்தார்களே (யாத்திராகமம் 16:22), அதுபோல ஆராதனை உடை, காலணி, வேதாகமம், காணிக்கை, பிள்ளையின் பை எல்லாம் சனி இரவே எடுத்து வைக்கப்படட்டும். இதைச் செய்யும் பொறுப்பு உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஞாயிறு மதியச் சாப்பாடு வாரத்திலேயே எளிமையானதாக இருக்கட்டும். பிறகு மூன்று மணி நேரம், எழுதி ஒட்டி, உங்களுடையது. துணி மடிப்பதும் திங்கட்கிழமைக்கான வேலையும் அதில் வரக் கூடாது. முதல் மாதம் வீடு கொஞ்சம் கலைந்துதான் கிடக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் எழுந்துபோய் ஒழுங்குபடுத்தினீர்கள் என்றால், திட்டம் அன்றே முடிந்தது.

பிரான்சின் அலான்சோன் நகரில் லேஸ் பின்னல் தொழில் நடத்திய ஸெலி மார்ட்டின் ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர் தொழில் பெருகியபோது கணவர் லூயி 1870இல் தன் கடிகாரக் கடையை விற்றுவிட்டு மனைவியின் தொழிலில் சேர்ந்தார். 2015இல் இருவரையும் சேர்த்தே புனிதர்களாக அறிவித்தார்கள். எபேசியர் 5:25 கணவனிடம் கேட்பது, தன்னையே ஒப்புக்கொடுக்கும் அன்பை. பாத்திரம் கழுவுவது அதில் மிகச் சிறிய பகுதி.

11. பிள்ளைக்குக் காய்ச்சல்னா லீவு தரமாட்டாங்க. எனக்குக் காய்ச்சல்னு சொன்னா அது பொய்யா?

பொய்தான். எகிப்தின் மருத்துவச்சிகளையும் ராகாபையும் இதற்குத் துணைக்கு அழைக்கிறார்கள். அவர்கள் கொலையாளிகளிடமிருந்து உயிர்களைக் காக்கப் பொய் சொன்னவர்கள். இன்னொன்று, நீங்கள் தொலைபேசியில் இருமிக் காட்டுவதைக் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் விதியைப் படியுங்கள். குடும்பத்தினரைப் பார்த்துக்கொள்ள விடுப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உரிமை இருந்தும் தெரியாமல் பொய் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்றால், "வீட்டில் அவசரம், இன்று வர இயலாது" என்பது முழு உண்மை. விவரம் சொல்லக் கட்டாயமில்லை. துருவிக் கேட்டால் உள்ளதைச் சொல்லி, சம்பளப் பிடித்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். தானியேல் 1:12இல் பத்து நாள் சோதித்துப் பாரும் என்று மாற்றுவழி ஒன்றை முன்வைத்தானே, அப்படி நீங்களும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: எந்த வேலையை எந்த நாளுக்குள் எப்படி முடிப்பேன் என்று. கணவருக்கும் அலுவலகத்தில் விடுப்பு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். காய்ச்சலுக்கு ஒருமுறை நீங்கள், மறுமுறை அவர்.

மேலதிகாரி "நான் இல்லைன்னு சொல்லு" என்றால், "அவரால் இப்போது பேச இயலாது" என்று சொல்லுங்கள். வேலையும் நடக்கும், நாவும் சுத்தமாக இருக்கும். கணக்கில், அறிக்கையில் கைவைக்கச் சொன்னால் அது வேறு வகை. வாய்மொழி உத்தரவை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அந்த மின்னஞ்சல் வராது.

12. ஆபீஸ்ல இயேசுவைப் பத்திச் சொல்லாம இருந்தா அவரை மறுதலிச்சதாகுமா?

வேலை நேரம் சம்பளம் கொடுக்கிறவருடையது. அந்த நேரத்தை எடுத்துச் சுவிசேஷம் சொன்னால், தீத்து 2:10 திருடாமலிருக்கச் சொல்வதோடு அது இடிக்கும். 1 பேதுரு 3:15 விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. கேட்க வைப்பது உங்கள் வேலையின் தரமும், வம்பில் சேராத வாயும்தான். இடைவேளையில் ஒருவர் தன் துயரத்தைச் சொன்னால், "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று அனுமதி கேளுங்கள். சரி என்றால் அங்கேயே அரை நிமிடம் ஜெபியுங்கள். மூன்று நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதை விட்டுவிடாதீர்கள்.

13. தசமபாகம் மொத்தச் சம்பளத்துலயா, கைக்கு வர்றதுலயா? வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லன்னா?

பழைய ஏற்பாட்டுத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, விளைச்சலிலும் மந்தையிலும் கணக்கிடப்பட்டது. பிடித்தங்களுள்ள சம்பளத்தை அது பேசவில்லை. அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, கலங்காமல் கொடுங்கள். 2 கொரிந்தியர் 9:7 விசனமாயும் கட்டாயமாயும் கொடுப்பதைத் தடுக்கிறது. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைப்பதுதான் நிலைக்கும். மாதக் கடைசியில் மிஞ்சுவதிலிருந்து கொடுப்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. கடன் தவணை கழுத்தை நெரித்தால் 2 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கு 1 சதவீதம் கூட்டுங்கள். எட்டாண்டில் பத்தைத் தொடும்.

கணவர் சம்மதிக்காதபோது மறைத்துக் கொடுக்க வேண்டாம். அது தெரியவரும் நாளில் அவர் வெறுப்பது உங்களையல்ல, சபையை. வீட்டுச் செலவுக்குப் போக உங்கள் தனிச் செலவுக்கு எவ்வளவு என்று இருவரும் ஒத்துக்கொண்டு, அதிலிருந்து கொடுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லிக் காணிக்கையாக்குவதை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11–13). வீட்டில் மருந்துக்கு இல்லாதபோது காணிக்கைக்கு வற்புறுத்துகிற யாருக்கும் இந்த வசனமே பதில்.

14. மனைவி கீழ்ப்படியணும்னா சம்பளத்தை முழுசா அவர் கைல குடுத்துடணுமா?

அப்படி ஒரு கட்டளை இல்லை. நீதிமொழிகள் 31:16இல் அந்தப் பெண் வயலை விசாரித்து வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள். ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்ற எபேசியர் 5:21 முதலில் வருகிறது, மனைவிகளுக்கானது அடுத்து வருகிறது. இருவரின் வருமானமும் இருவர் கண்ணுக்கும் தெரியும்படி, மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவதுதான் ஆரோக்கியமான வழி. உங்கள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு பயணச் செலவுக்குக்கூடக் கையேந்த வைத்தால், அடித்தால், அதைப் பொறுத்துக்கொள்வதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு அதன் பிறகு ஆலோசனையைப் பற்றிப் பேசலாம்.

15. பால் குடுக்கறப்போ உபவாசம் இருக்கலாமா?

உணவையோ தண்ணீரையோ விடும் உபவாசம் வேண்டாம். உங்கள் உடம்பு இரண்டு பேருக்கு உணவு கொடுத்துக்கொண்டிருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சர்க்கரை நோய்க்கு மருந்தெடுப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். கத்தோலிக்க ஒழுங்கில் விபூதிப் புதனும் புனித வெள்ளியும் மட்டுமே கட்டாய நோன்பு நாள்கள். அவற்றிலும் இவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு ஈடாகக் கைப்பேசி, தொலைக்காட்சித் திரையை ஒரு நாள் மூடிவைக்கலாம், அல்லது ஏசாயா 58:7 சொல்லும் உபவாசத்தைச் செய்யலாம்: பசித்தவனுக்கு உங்கள் ஆகாரத்தைப் பகிர்வது.

16. சபைல பொறுப்பு எடுக்கச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. முடியாதுன்னா ஊழியத்தைத் தள்ளினதாகுமா?

ஆண்டுக்கு ஒரு பொறுப்பு என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளியில் மாதம் இரண்டு வகுப்பா, பாடகர் குழுவா, எதுவானாலும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை உள்ள ஆண்டில் ஒன்றும் வேண்டாம். அதே நேரத்தில் தனிமைப்பட்டும் போகாதீர்கள். பெண்கள் கூட்டம் வேலைநாள் பகலில் நடந்தால், மாதம் ஒன்றையாவது மாலையிலோ சனிக்கிழமையிலோ வைக்கக் கேட்பது உங்கள் உரிமை. அதுவும் நடக்காவிட்டால் மூன்று பேர் சேர்ந்து வாரத்துக்கு இருபது நிமிடம் தொலைபேசியில்: ஆளுக்கு ஒரு ஜெபக் குறிப்பு, ஒரு ஜெபம். நான்காவது ஆள் சேர்ந்தால் நேரம் நீளும், நின்றுபோகும்.

17. எவ்வளவு ஜெபிச்சும் மனசு இருண்டே கெடக்கு. இது விசுவாசக் குறைவா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானாகக் குறையும். அதைத் தாண்டியும், அல்லது பிள்ளைகள் வளர்ந்த பின்னும்கூட, இரண்டு வாரத்துக்கு மேல் துயரம், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பிள்ளைமேல் ஒட்டுதல் இல்லாமை, அடக்க முடியாத கோபம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே அறிகுறிகளைக் காட்டும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால், அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

எலியா சாக வேண்டுமென்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின்கீழ்ப் படுத்தபோது, கர்த்தர் கேள்வி கேட்கும் முன் அவனைத் தூங்கவைத்து, இரண்டு முறை சாப்பிடவைத்தார் (1 இராஜாக்கள் 19:5–8). மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்றால் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று பவுல் அழைத்திருக்க மாட்டார். ஜெபிக்கச் சொல் வராத நாளில் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அது இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அப்படியே அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

18. வேலையை விட்டுடுன்னு கர்த்தர் சொல்றாரா, இல்ல நான் களைச்சுப் போய்ட்டேனா? எப்படித் தெரியும்?

களைத்த வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய முதல் இரண்டு மாதத்திலும் வேண்டாம். அப்போது எந்தத் தாய்க்கும் விட்டுவிடத்தான் தோன்றும். முதலில் 10ஆம் பதிலில் உள்ள வேலைப் பங்கீட்டை ஆறு வாரம் உண்மையாக நடத்திப் பாருங்கள். அதிலேயே மனம் லேசானால், கனமாக இருந்தது வேலையல்ல, வீட்டில் உங்கள் தோளில் மட்டும் இருந்த பங்கு என்று தெரியும்.

அதன் பிறகும் எண்ணம் நின்றால், கோபுரம் கட்டுகிறவன் முன்னதாக உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பதுபோல (லூக்கா 14:28) மூன்று மாதம் ஒத்திகை பாருங்கள்: கணவரின் வருமானத்தில் மட்டும் வீடு நடக்கட்டும், உங்கள் சம்பளம் முழுதும் சேமிப்புக்குப் போகட்டும். எங்கே இடிக்கிறது என்று தாளில் தெரிந்துவிடும். சேமிப்பும் மூன்று மாதச் சம்பளமாகக் கையில் இருக்கும். தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்க்கு இந்த ஒத்திகை பொருந்தாது. அவர் முதலில் நேரம் குறைந்த வேலையோ வீட்டுக்கு அருகில் உள்ள வேலையோ தேட வேண்டும். சபையும் அவருக்குப் பிள்ளை பார்க்கும் கைகளைக் கொடுக்கக் கடன்பட்டிருக்கிறது.

உங்களை நன்றாக அறிந்த இருவரிடம் ஆலோசனை கேளுங்கள்: வேலையை விட்ட ஒருவர், விடாத ஒருவர். இருவரும் என்ன சொன்னாலும், கணவரும் நீங்களும் ஒரே முடிவுக்கு வரும்வரை கடிதம் கொடுக்காதீர்கள். பதவி உயர்வை ஏற்பதா என்ற கேள்விக்கும் இதே வழிதான். கூடுதலாகக் கேட்க வேண்டியவை மூன்று: மாதத்துக்கு எத்தனை இரவு வெளியூரில், அந்த இரவுகளில் பிள்ளையோடு யார், ஆறு மாதத்தில் சரிவராவிட்டால் பழைய பொறுப்புக்குத் திரும்ப வழி உண்டா. மூன்றாவதற்கான பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.